வீடு மாறும்போது பிராட்பேண்ட் இணைப்பை என்ன செய்வது? ஒப்பந்த விதிகள் முதல் டெபாசிட் திரும்பும் வரை

மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வருடமாக அசோசியேஷன் செயலாளராக இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு குடும்பமாவது காலி செய்யும், ஒரு குடும்பமாவது குடிவரும். கேஸ், பள்ளி டிசி, பேக்கர்ஸ் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்பவர்கள்கூட நெட் விஷயத்தை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு வாரம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆபீஸ் வேலை, திரும்பி வராத டெபாசிட், மூன்று மாதம் கழித்து வரும் மோடம் பில்.

இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் வரிசை தப்புவதால்தான். எதை முதலில் செய்வது, எதை அதற்குப் பிறகு செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சென்னையில் வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறுபவரை மனதில் வைத்து எழுதியது. சொந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. முதலில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

வாடிக்கையாளர் எண், பதிவு செய்த மொபைல் எண், கடைசி இரண்டு பில், இணைப்பு கொடுத்த நாளில் வந்த மின்னஞ்சல் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும்.

இதில் சறுக்குவது மொபைல் எண்ணில். நான்கு நண்பர்கள் சேர்ந்து வீடு எடுத்திருப்பார்கள். இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும், அவர் வேலை மாறி பெங்களூரு போயிருப்பார். ஷிஃப்ட் செய்யவும், மூடவும், டெபாசிட் வாங்கவும் ஓடிபி அவருக்குத்தான் போகும். பெயரையோ எண்ணையோ மாற்றச் சில நாள் ஆகும் என்பதால் இதை முதல் வேலையாக முடியுங்கள்.

2. பழைய ஒப்பந்தத்தில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்

"ஒப்பந்தம் எல்லாம் போடவில்லையே" என்று பலரும் சொல்வார்கள். போட்டிருக்கிறீர்கள். இணைப்பு கொடுக்க வந்தவர் டேப்பில் கையெழுத்து வாங்கியிருப்பார், அல்லது ஓடிபி கேட்டிருப்பார். விதிகள் அந்த மின்னஞ்சலோடு பி.டி.எஃப் ஆக வந்திருக்கும். இல்லாவிட்டால் நிறுவனத்தின் செயலியில் திட்டத்தின் பெயரைத் தொட்டால் கிடைக்கும். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் இந்த ஐந்தை மட்டும் தேடுங்கள்.

ஒன்று, லாக்-இன் காலம், அதாவது இணைப்பை மூடாமல் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச காலம், எவ்வளவு, எந்தத் தேதியில் முடிகிறது? இங்கே வாடகை ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதம், பிராட்பேண்ட் சலுகையோ 12 மாதம். 11வது மாதம் வீட்டைக் காலி செய்தால் கடைசி மாதப் பணம் போய்விடும். வீட்டு ஒப்பந்தம் முடியும் தேதியையும் இந்தத் தேதியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டு, "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்று கொடுத்திருந்தால் அது எதனோடு கட்டப்பட்டது? பல திட்டங்களில் குறைந்தது 6 மாதமோ 12 மாதமோ இருந்தால்தான் அது இலவசம். முன்னதாக மூடினால் அந்தத் தொகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள்.

மூன்று, மோடம் யாருடையது? வாங்கியதா, வாடகையா, டெபாசிட்டுக்குக் கொடுத்ததா? மாதக் கட்டணத்தில் தனி வரி இல்லாததால் "நம்முடையது" என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பித் தராவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் இதே பத்தியில் இருக்கும்.

நான்கு, முகவரி மாற்றத்துக்குக் கட்டணம் உண்டா? உண்டென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்னதா, சேர்க்காமல் சொன்னதா?

ஐந்தாவது கேள்விதான் பெரிய தொகை: பாதியில் மூடினால் மிச்சப் பணத்தை எப்படிக் கணக்கிடுவார்கள்? நாம் நாள் கணக்கில் பார்ப்போம், அவர்கள் சலுகையை நீக்கிப் பார்ப்பார்கள். ஓர் உதாரணம். மாதம் 800 ரூபாய் திட்டம், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 600 என்று 7,200 கட்டியிருக்கிறீர்கள், 7 மாதம் ஓடிவிட்டது. உங்கள் கணக்கில் மிச்சம் 5 மாதம், அதாவது 3,000 ரூபாய். சலுகை விதி இருந்தால் ஓடிய 7 மாதத்துக்கும் 800 போட்டு 5,600 கழிப்பார்கள், கைக்கு வருவது 1,600. சில திட்டங்களில் "முன்பணம் திரும்பாது" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அடுத்து எடுக்கும் முடிவு முழுக்க இந்த வரியைப் பொறுத்தது என்பதால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

3. அட்வான்ஸ் கொடுக்கும் முன் புது வீட்டில் லைன் வருமா என்று பாருங்கள்

தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று கேட்கிற அதே நாளில் இதையும் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால், கிடைக்கிற பதிலை ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

பின்கோடு போட்டுப் பார்த்துவிட்டு "சேவை உண்டு" என்று நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பின்கோடு ஒரு பெரிய ஏரியா. மெயின் ரோட்டில் ஃபைபர் ஓடும், உங்கள் மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு வந்திருக்காது. தெருவுக்கு வந்திருந்தாலும் கம்பத்தில் தொங்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியில் காலி போர்ட் (வயர் சொருகும் இடம்) இருக்க வேண்டும். ஒரு ஃபைபரை ஸ்பிளிட்டர் வைத்து 8 அல்லது 16 வீட்டுக்குப் பிரித்திருப்பார்கள். எல்லாம் நிரம்பியிருந்தால் அடுத்த பெட்டி போடும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கே இது நடந்திருக்கிறது. இங்கே வருமுன் தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்கு மாறினேன். செயலியில் பச்சை டிக் காட்டியது, ஷிஃப்டிங் கட்டணமும் கட்டினேன். வந்த பையன் கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்ட் ஃபுல் சார், ரைஸ் பண்ணிருக்கோம்" என்றார். 19 நாள் ஆனது.

ஆகவே மூன்று பேரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் எந்த நெட், மழை நாளில் எப்படி என்று கேளுங்கள். அந்த ஏரியா கேபிள்காரரோ லைன்மேனோ காலி போர்ட் உண்டா என்று சொல்லிவிடுவார். அடுக்குமாடி என்றால் அசோசியேஷனையும் கேட்க வேண்டும். பல குடியிருப்புகளில் டக்ட் (கேபிள்கள் போகும் பாதை) வழியாக ஒன்றிரண்டு நிறுவனங்களின் கேபிளுக்குத்தான் இடம் இருக்கும், மொட்டை மாடியிலிருந்து புதிதாக வயர் தொங்கவிட அனுமதிக்க மாட்டார்கள். நாங்களும் அனுமதிப்பதில்லை.

சுவரில் துளை போடலாமா என்று ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். காலி செய்யும்போது "சுவரை ஓட்டை போட்டுட்டீங்க" என்று அட்வான்ஸில் கழிப்பதை இது தடுக்கும்.

4. ஷிஃப்ட் செய்வதா, நிறுத்தி வைப்பதா, மூடுவதா

இரண்டாவது, மூன்றாவது படிகளின் பதில் கையில் இருந்தால்தான் இந்த முடிவு எடுக்க முடியும். அதற்கு முன் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "கேன்சல்" என்ற சொல்லை உச்சரிக்காதீர்கள். சில இடங்களில் அந்த அழைப்பிலேயே மூடும் கோரிக்கையைப் பதிவு செய்துவிடுவார்கள். அதை ரத்து செய்வது தனி வேலை.

புது வீட்டில் அதே நிறுவனத்தின் லைன் உண்டு, முன்பணமும் நிறைய மிச்சம் என்றால் ஷிஃப்டிங் நல்லது. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: பழைய லாக்-இன் அப்படியே தொடருமா, புது முகவரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். இரண்டு மாதம் மட்டுமே மிச்சம் இருந்தவர் ஷிஃப்ட் செய்து இன்னொரு 12 மாதத்துக்கு மாட்டிக்கொண்டதை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்தேன்.

"உங்க பழைய பிளான் இப்ப இல்ல, 100 ரூபாய் கூட" என்றும் சொல்வார்கள். திட்டம் எடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அதன் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. 6 மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் அந்தக் காலம் முழுவதும் உயர்த்தக் கூடாது. இதைச் சொல்லிக் கேளுங்கள். புதுத் திட்டத்துக்கு மாறச் சம்மதம் என்று நீங்களே ஓடிபி கொடுத்துவிட்டால் அப்புறம் வாதாட இடமில்லை.

புது வீடு தயாராக இரண்டு மாதம் ஆகும், அதுவரை அம்மா வீட்டில் இருப்பீர்கள் என்றால் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் எத்தனை நாள் வரை, அந்த நாட்கள் லாக்-இன்னில் சேருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

லைன் வராது என்றால் மூடுவதுதான் வழி. "உங்களால் புது முகவரியில் சேவை தர முடியவில்லை, எனவே முன்கூட்டியே மூடும் கட்டணத்தை நீக்குங்கள்" என்று கேளுங்கள். விதியில் இல்லாவிட்டாலும் இதை ஏற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்த நிறுவனங்கள் உண்டு. அதற்கு முதலில் அவர்களிடம் ஷிஃப்டிங் கேட்டு, "ஃபீசிபிலிட்டி இல்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். நீங்களாகவே முடிவு செய்து மூடினால் இந்தப் பிடி கையில் இருக்காது.

பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன் எண்ணோடு வைத்திருப்பவர்கள் எண் மாறுமா என்றும் கேட்க வேண்டும். ஊர் மாறினால் அதே எண் உங்களோடு வராது. வங்கி, எல்.ஐ.சி. என்று அந்த எண் எங்கெல்லாம் கொடுத்தீர்களோ அங்கெல்லாம் முதலில் மாற்றுங்கள்.

5. தேதிகளை அடுக்குங்கள்

குடிபோகும் நாளுக்கு 15 நாள் முன்பு கோரிக்கை கொடுப்பது சரியாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறத் தயங்குவதால் ஆவணி, தை முதல் இரண்டு வாரம் லைன்மேன்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பள்ளி திறக்கும் முன் மே மாதமும் அப்படித்தான். அந்த நாட்களில் 20 நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வழக்கத்திலேயே ஒரு வசதி இருக்கிறது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம், சாமான் நான்கைந்து நாள் கழித்துத்தான் போகிறது. பால் காய்ச்சிய மறுநாளிலிருந்து சாமான் வரும் வரை வீடு காலியாக இருக்கும். லைன் இழுக்க, துளை போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்த பிறகு லைன்மேன் வந்தால், கேபிள் கதவு இடுக்கு வழியாகத்தான் வரும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இரண்டு வீட்டிலும் ஒரு வாரம் நெட் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. ஷிஃப்டிங்கில் இது முடியாது, ஒரே மோடம்தான். அவர்களுக்கு மட்டும் மொபைலில் ஒரு மாத டேட்டா கூடுதலாகப் போட்டு வைக்கச் சொல்வேன்.

6. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்

போனில் சொன்னது நிற்காது. செயலியில் "ஷிஃப்ட்" அல்லது "ரீலொகேஷன்" என்று இருந்தால் அதன் வழியே கொடுத்து, கோரிக்கை எண்ணைக் குறித்து வையுங்கள். கூடவே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

"என் வாடிக்கையாளர் எண் இது. இந்தத் தேதியில் கீழ்க்கண்ட முகவரிக்கு வீடு மாறுகிறேன். அங்கே உங்கள் சேவை தர முடியுமா, ஷிஃப்டிங் கட்டணம் வரியோடு எவ்வளவு, இப்போதைய திட்டமும் அதன் முடிவுத் தேதியும் மாறாமல் தொடருமா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். சேவை தர முடியாது என்றால், முன்கூட்டியே மூடும் கட்டணமின்றி மிச்சத் தொகையையும் டெபாசிட்டையும் திருப்பித் தரவும்."

முகவரியில் கதவு எண், பிளாட் எண், மாடி, பக்கத்து அடையாளம் எல்லாம் எழுதுங்கள். பழைய எண், புது எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஆதார் நகலும் புது வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் வேறு எந்த ஆவணம் போதும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பழைய வீட்டில் பெட்டியைக் கழற்றும் நாள்

கழற்றும் முன் நான்கு போட்டோ. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், சீரியல் எண் படிக்கும்படி. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர். பெட்டியின் முன்பக்கம் விளக்குகள் எரியும் நிலையில். கடைசியாக எல்லாப் பொருளும் மேசையில் ஒன்றாக. வேலை செய்த நிலையில்தான் ஒப்படைத்தீர்கள் என்பதற்கு மூன்றாவது போட்டோதான் சான்று.

அடாப்டர் முக்கியம். பேக்கிங் செய்யும்போது செட்-டாப் பாக்ஸ், மோடம், கேமரா எல்லாவற்றின் அடாப்டரும் ஒரே பையில் போய்விடும். முனை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வோல்ட் வேறாக இருக்கும். மாற்றிச் சொருகினால் பெட்டி கெட்டுப்போகும். ஒரு துண்டு டேப்பில் "மோடம்" என்று எழுதி அடாப்டரிலேயே ஒட்டுங்கள்.

மோடத்தில் சொருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் வயரை வளைத்துச் சுருட்டாதீர்கள். உள்ளே இருப்பது முடி போன்ற கண்ணாடி இழை. இறுக்கி மடித்தால் உள்ளே உடையும், வெளியே தெரியாது. உள்ளங்கை அகல வட்டமாகச் சுற்றி, முனைக்கு மூடி போட்டு வையுங்கள். சுவருக்கு வெளியே ஓடும் கறுப்பு கேபிளை அறுத்து எடுத்துப் போக வேண்டாம். புது வீட்டுக்குப் புது கேபிள்தான் போடுவார்கள். அடுத்துக் குடிவருபவருக்கு அது உதவும்.

உங்கள் சொந்த ரவுட்டர் இருந்தால் அதன் வைஃபை பெயர், பாஸ்வேர்டு தவிர இணைப்புக்கான பயனர் பெயரையும் எழுதி வையுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டாம்.

8. புது வீட்டில் ஓடிபி சொல்லும் முன்

லைன் இழுத்து, பெட்டியை மாட்டி, பச்சை விளக்கு வந்ததும் பையன் கேட்பார்: "அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." அவர் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், அவசரம் புரிகிறது. ஆனால் அந்த எண்ணைச் சொல்வது "வேலை முடிந்தது, எனக்குத் திருப்தி" என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். பில்லிங் அங்கிருந்து தொடங்கும். ஓடிபியோடு வரும் செய்தியை முழுதாகப் படியுங்கள். அதில் புதுத் திட்டத்தின் பெயரோ புது லாக்-இன் காலமோ இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

ஐந்து நிமிடம்தான் ஆகும், இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பெட்டியில் LOS (லைனில் சிக்னல் இல்லை) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. லேப்டாப்பை லேன் வயரில் நேராக இணைத்து வேகம் பாருங்கள். வைஃபையில் பார்த்தால் சுவர் குறைத்த வேகமா, லைனே குறைவா என்று தெரியாது. அப்புறம் படுக்கையறையில் கதவை மூடிக்கொண்டு வைஃபையில் ஒரு முறை பாருங்கள். அங்கே எடுக்கவில்லை என்றால் பெட்டியை இடம் மாற்றிக் கேட்க இதுதான் சமயம். அவர் போன பிறகு கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் சொல்லக்கூடும்.

"ரசீது இல்லாம 500 குடுங்க, எக்ஸ்ட்ரா வயர் ஆச்சு" என்றால், பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள்.

9. மூடிய இணைப்பின் கணக்கை முடிப்பது

மூடுவது என்று முடிவானால் மோடத்தை ஒப்படைத்ததற்கு ஒப்புகை வாங்காமல் கையை விட்டு அனுப்பாதீர்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் வாசலில் வந்தவரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மகனின் எண்ணுக்கு 2,500 ரூபாய் பாக்கி என்று அழைப்பு வந்தது. வந்தவர் அந்த நிறுவனத்தில் இப்போது இல்லை. எங்கள் வாசல் கேமராவில் பதிவும் அழிந்துவிட்டது. சீரியல் எண், தேதி, பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, அல்லது அவர் முன்னாலேயே வரும் எஸ்எம்எஸ் இருந்திருந்தால் போதும்.

அடுத்து ஆட்டோபே. யூபிஐயிலோ கார்டிலோ மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்திருந்தால், இறுதி பில் கட்டிய அன்றே உங்கள் யூபிஐ செயலிக்குள் போய், கார்டு என்றால் அதைக் கொடுத்த வங்கி வழியாக, அனுமதியை நீக்குங்கள். நிறுவனத்தின் செயலியில் நீக்கியது மட்டும் போதாது.

பணம் திரும்ப வரும் வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். பதிவு செய்த சிம்மைப் பணம் வரும் வரை உயிரோடு வையுங்கள்.

10. பதில் வராவிட்டால்

முதலில் நிறுவனத்தின் புகார் மையம். புகார் கொடுத்ததும் அவர்கள் ஒரு டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) தர வேண்டும். 2012ஆம் ஆண்டு ட்ராய் புகார் தீர்வு ஒழுங்குமுறையின்படி, அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. டாக்கெட் எண் இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே எண், எண் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேராக ட்ராய்க்கு எழுதுபவர்கள் உண்டு. ட்ராய் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை, நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். அதைவிட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வது பலன் தரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், பழைய வீட்டு மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இரண்டாவது படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், ஆறாவது படியின் மின்னஞ்சல், ஏழாவது படியின் போட்டோ, ஒன்பதாவது படியின் ஒப்புகைச் சீட்டு, இந்த நான்கையும் தேதி வாரியாக அடுக்கிப் புகாரோடு இணையுங்கள்.